ஐபி முகவரி இருக்கும்போது குக்கி எதற்கு?

2 மார்ச் 2024, மியான்மரின் மோல்மெயினிலிருந்து ஒரு வாசகர்

அண்ணே, எங்கள் ஊர்க் கோயிலுக்கு அன்னதானப் பதிவுத் தளம் ஒன்றை பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். லாகின் செய்தவரின் ஐபி முகவரியை, அதாவது அவருடைய இணைய இணைப்பின் எண்ணை, டேட்டாபேஸில் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த பக்கத்தில் அதே முகவரி வரும்போது அவர்தான் என்று தெரிந்துவிடுமே. குக்கி எதற்கு? தளம் நம் பிரவுசரில் விட்டுவைக்கும் அந்தச் சிறு குறிப்பு, குக்கி, என்றாலே ஆபத்து என்று வேறு சொல்கிறார்கள். வைத்தும் பார்த்தேன். தமிழ்ப் பக்கத்தில் இருக்கிறது, பர்மியப் பக்கத்துக்குப் போனால் காணாமல் போகிறது. ஐபியே போதும் என்று முடிவுகட்டிவிட்டேன். சரிதானா?

2 மார்ச், இரவு

போதாது தம்பி. நம் நாட்டில் இது ஒரு நாள்கூட ஓடாது.

உங்கள் தளத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் போனில்தான் வருவார்கள். மொபைல் கம்பெனி ஒவ்வொரு போனுக்கும் தனியாகப் பொது முகவரி கொடுப்பதில்லை. ஒரே முகவரிக்குப் பின்னால் ஏகப்பட்ட பேரை நிறுத்தி வைக்கிறது. அதோடு 2021 பிப்ரவரியில் பேஸ்புக்கை முடக்கியதிலிருந்து வேறு நாட்டு சர்வர் வழியாகத் தடையைச் சுற்றிப் போகிற விபிஎன் இல்லாத போனைப் பார்ப்பதே அரிது. ஒரே இலவச விபிஎன்னைப் போட்டிருக்கும் பத்துப் பேர் உங்கள் சர்வருக்கு ஒரே சிங்கப்பூர் ஆளாகத் தெரியலாம். அதில் ஒருவர் லாகின் செய்தால் மற்ற ஒன்பது பேரும் அவராகவே உள்ளே வந்துவிடுவார்கள். யார் எவ்வளவு கொடுத்தார், போன் நம்பர் என்ன, எல்லாம் அடுத்தவர் திரையில் தெரியும். கோயில் தளத்தில் இது நடந்தால் அப்புறம் யாரும் பதிவு செய்ய வரமாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாங்கோனில் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம், அதன் பதிவுத் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஓர் அம்மா வீட்டு வைஃபையில் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறார். கரண்ட் போகிறது. ரவுட்டர் அணைகிறது. போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவுகிறது. லாக் பைலில் இது அப்படியே பதிவாகியிருக்கிறது: மேல் இரண்டு வரிகளில் ஒரு முகவரி, கீழ் வரியில் முற்றிலும் வேறு முகவரி, குக்கியில் இருந்த செஷன் அடையாளம், அதாவது அந்த வருகைக்கென்று சர்வர் கொடுத்த எண், மட்டும் மாறவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து நிரப்பி முடித்துவிட்டார். ஐபியை நம்பியிருந்தால் பாதிப் படிவத்தோடு வெளியே போயிருப்பார்.

பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வர் முன்பின் தெரியாத ஆளின் கோரிக்கையாகத்தான் பார்க்கும். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்கிற முறையான எச்டிடிபியின் அமைப்பே அப்படி. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார். சர்வர் தன் பதிலோடு செட்-குக்கி என்று ஒரு ஹெட்டர் வரி, அதாவது பக்கத்துக்கு முன்னால் போகிற தகவல் வரி, அனுப்பும். பிரவுசர் அதை வைத்துக்கொண்டு, அதே தளத்துக்குப் போகும்போதெல்லாம் திருப்பி அனுப்பும். அவ்வளவுதான் சங்கதி. ஆளை அடையாளம் காட்டுவது அந்தத் திரும்பி வரும் வரி. எந்த ஒயர் வழியாக வந்தது என்பது கணக்கில் வராது.

3 மார்ச், காலை

தமிழ்ப் பக்கத்தில் இருப்பது பர்மியப் பக்கத்தில் காணாமல் போவதற்குக் காரணம் பாத், அதாவது தளத்தின் எந்தப் பகுதிக்குக் குக்கி போகலாம் என்று சொல்கிற வழி.

இரண்டு மொழிப் பக்கங்களையும் தனித்தனி போல்டரில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குக்கி வைக்க பிஎச்பியில் இருக்கிற செட்குக்கி பங்ஷனில் பாத் கொடுக்காவிட்டால், குக்கியை வைத்த பக்கம் எந்த போல்டரில் இருக்கிறதோ அதையே பிரவுசர் பாத்தாக எடுத்துக்கொள்ளும். தமிழ் போல்டரில் வைத்த குக்கி தமிழ் போல்டருக்கும் அதன் உள்ளே இருப்பவற்றுக்கும் மட்டும்தான் போகும். பாத் என்ற இடத்தில் ஒற்றைச் சாய்கோடு "/" போடுங்கள். தளம் முழுக்கப் போகும்.

போட்ட பிறகும் குழப்பம் இருந்தால் பழைய குக்கி இன்னும் அந்த போனில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே பெயரில் இரண்டு குக்கி, பாத் மட்டும் வேறு வேறு என்றால் பிரவுசருக்கு அவை இரண்டு தனிப் பொருள்கள். இரண்டையும் அனுப்பும், நீளமான பாத் உள்ளதை முதலில் அனுப்பும். பிஎச்பி முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு அடுத்ததைக் கழித்துவிடும். ஆகவே தமிழ்ப் பக்கத்தில் பழைய மதிப்பும் பர்மியப் பக்கத்தில் புது மதிப்பும் வரும். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் அப்ளிகேஷன் பகுதியைத் திறந்தால் இரண்டும் வரிசையாகத் தெரியும். குக்கியின் பெயரை மாற்றிவிடுங்கள், அதுதான் சுருக்கு வழி.

3 மார்ச், மதியம்

குக்கிக்குக் கொடுக்கிற டொமைனை, அதாவது தளத்தின் பெயரை, பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். காலியாக விட்டால் எந்த முகவரியில் வைத்தீர்களோ அதற்கு மட்டும் போகும். டொமைன் எழுதினால் அதன் கீழுள்ள எல்லாத் துணை டொமைன்களுக்கும் போகும். கோயில் கமிட்டியில் வேறொருவர் நாளைக்கு அதே டொமைனின் கீழ் வேறொரு தளம் போட்டால் உங்கள் லாகின் குக்கி அங்கேயும் போய் நிற்கும்.

5 மார்ச், இரவு

குக்கி வைக்கும்போது "ஹெட்டர் ஏற்கெனவே போய்விட்டது" என்று எச்சரிக்கை வருகிறதாம். தம்பியின் பைலை வாங்கிப் பார்த்தேன். செட்குக்கி முதல் வரியிலேயே இருக்கிறது, அதற்கு முன்னால் திரைக்கு எழுதுகிற ஒரு எக்கோகூடக் கிடையாது. பிறகு ஏன்?

குக்கி ஹெட்டரில் போவது. பக்கத்தின் முதல் எழுத்து வெளியேறியதும் ஹெட்டருக்கான கதவு மூடிவிடும். இங்கே வெளியேறிய எழுத்து கண்ணுக்குத் தெரியாதது. தமிழில் வரிகள் இருப்பதால் பைலை நோட்பேடில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்திருக்கிறார். பழைய விண்டோஸில் உள்ள நோட்பேட் யுடிஎஃப்-8 என்றால் பைலின் தலையில் பாம் என்ற 3 பைட்டுகளைத் தானாக வைத்துவிடும். எடிட்டரில் தெரியாது, பிரவுசரிலும் தெரியாது. ஆனால் பிஎச்பிக்கு அது திறப்புக் குறிக்கு முன்னால் நிற்கிற வெளியீடு. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இது அவ்வளவாக வராது. தமிழிலோ பர்மியத்திலோ எழுதுகிற நமக்கு அடிக்கடி வரும். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் பாம் இல்லாமல்தான் சேமிக்கிறது. யாங்கோன் கம்ப்யூட்டர் கடைகளில் விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எடிட்டரில் "பாம் இல்லாமல்" என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள், எச்சரிக்கை போய்விடும். இன்க்லூட் செய்கிற பைல்களையும் பாருங்கள். மொழிச் சொற்களை வைத்திருக்கிற பைலில்தான் இது பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் வேலை செய்தது, சர்வரில் ஏற்றினால்தான் வருகிறது என்கிறீர்களே, அதற்கும் விளக்கம் உண்டு. வீட்டில் அவுட்புட் பஃபரிங் ஆன் ஆகியிருக்கும். பிஎச்பி வெளியீட்டைப் பிடித்து வைத்திருப்பதால் ஹெட்டர் பிந்திப் போனாலும் ஏற்றுக்கொள்ளும். சர்வரில் அது ஆஃப். சர்வரிலும் ஆன் செய்து எச்சரிக்கையை மறைக்கிற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. பைலைச் சரிசெய்யுங்கள்.

5 மார்ச், அதே இரவு

குக்கியை வைத்த அதே பக்கத்தில் அதைப் படிக்க முடியாது. நீங்கள் வைப்பது பதிலோடு போகிறது. திரும்பி வருவது அடுத்த கோரிக்கையில்தான். பலரும் பக்கத்தை ஒரு தடவை ரிஃப்ரெஷ் செய்ததும் "தானாகச் சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறார்கள். மதிப்பு உடனே வேண்டுமென்றால் ஸ்கிரிப்டில் ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்ளுங்கள்.

9 மார்ச்

தம்பி அனுப்பிய அடுத்த பதிப்பில் குக்கிக்குள் பெயர், தகப்பனார் பெயர், விலாசம், எந்தக் கிழமை அன்னதானம், எத்தனை பேருக்கு என்று எல்லாமே இருக்கிறது. சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்கு லாகின் நிற்கவில்லை என்கிறார். வேலை செய்யாதவர்கள் எல்லோரும் நீளமான பெயர்க்காரர்கள் என்பதைக் கவனித்திருக்கிறார். நல்ல கவனிப்பு.

கணக்கைப் பார்ப்போம். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறி 3 பைட். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள். "முத்துக்குமார்" என்ற பெயரில் இப்படி 14 குறிகள், ஆக 42 பைட். செட்குக்கி மதிப்பை அப்படியே அனுப்புவதில்லை. ஹெட்டரில் பத்திரமாகப் போவதற்காக ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாற்றும். 42 பைட் 126 ஆகிறது. ஒரு பெயருக்கே இவ்வளவு. பர்மிய எழுத்துக்கும் இதே கணக்குதான், அதுவும் 3 பைட். விலாசம், ஊர், குறிப்பு என்று சேர்ந்தால் 4096ஐத் தாண்டுவதற்கு வெகுநேரம் ஆகாது. பிரவுசர்கள் ஒரு குக்கிக்கு வைத்திருக்கிற எல்லை ஏறக்குறைய அதுதான். தாண்டினால் பிரவுசர் அந்தக் குக்கியை அப்படியே ஒதுக்கிவிடும். சர்வருக்கு ஒரு தகவலும் வராது, திரையிலும் ஒன்றும் தெரியாது.

பைட்டுகளைக் குறைக்க வழி தேடாதீர்கள். அந்த விவரங்கள் குக்கியில் இருக்கவே கூடாது. இந்தக் கேள்வி பதிலில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான். கோயில் வாசலில் செருப்பு விடும்போது கொடுக்கிற டோக்கனில் ஒரு நம்பர்தான் இருக்கும், செருப்பு உள்ளே இருக்கும். குக்கியிலும் அர்த்தமில்லாத ஒரு நீண்ட எண் மட்டும் இருக்கட்டும். யார், எவர், எவ்வளவு என்பதெல்லாம் சர்வரில் இருக்கட்டும். பிஎச்பியின் செஷன் செய்வது இதைத்தான். செஷன்_ஸ்டார்ட் என்று ஒரு வரி எழுதினால் எண்ணை உருவாக்கி, குக்கியில் வைத்து, விவரங்களைச் சர்வரில் ஒரு பைலில் எழுதிக்கொள்கிறது.

உங்கள் குக்கியில் "அட்மின் = 0" என்றும் ஒரு பகுதி இருக்கிறது. அதை 1 என்று மாற்ற டெவலப்பர் டூல்ஸைத் திறக்கத் தெரிந்த எந்தப் பள்ளிக்கூடப் பையனாலும் முடியும். குக்கி என்பது வருகிறவரின் கையில் இருப்பது. அதில் இருப்பதை அவர் படிப்பார், திருத்துவார், நகல் எடுப்பார் என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

10 மார்ச்

நேற்று எழுதியதை இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். "எண் மட்டும்" என்று கறாராகச் சொன்னது லாகினுக்குச் சரி. விருப்பங்களுக்கு அவ்வளவு கறார் வேண்டியதில்லை. எந்த மொழியில் பக்கத்தைக் காட்டுவது, எழுத்து பெரிதா சிறிதா, இவை குக்கியிலேயே இருக்கலாம். யாராவது திருத்தினாலும் அவருக்கே பக்கம் வேறு மொழியில் தெரியும், அத்தோடு சரி. ஒரே ஒரு நிபந்தனை: வந்த மதிப்பை அப்படியே நம்பி பைல் பெயராகவோ, டேட்டாபேஸுக்குப் போகிற எஸ்க்யூஎல் வரியிலோ சேர்க்கக் கூடாது. தமிழ், பர்மியம், ஆங்கிலம் என்ற மூன்றில் ஒன்றா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யூனிகோடுக்கு முன் பர்மியத்துக்கு வழங்கிய ஜாவ்ஜி எழுத்துருக் காலத்து ஞாபகம் வருகிறது. 2019 அக்டோபர் 1இல் நாடு யூனிகோடுக்கு மாறும்வரை பர்மியத் தளங்கள் பலவற்றில் மேலே ஜாவ்ஜி, யூனிகோட் என்று இரண்டு பட்டன்கள் இருக்கும். தவறானதைத் தொட்டால் பக்கம் முழுக்க எழுத்துகள் சிதறிக் கிடக்கும். ஒருமுறை தேர்ந்தெடுத்ததை நினைவில் வைத்திருக்கிற தளத்துக்கும், ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பக் கேட்கிற தளத்துக்கும் இருந்த வித்தியாசம் ஒரு சின்னக் குக்கிதான். குக்கி என்றாலே ஆபத்து என்கிறவர்கள் அந்த நாட்களை நினைத்துப் பார்க்கலாம்.

14 மார்ச்

லாக் அவுட் வேலை செய்யவில்லை என்று பெகுவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் செட்குக்கி பங்ஷனைப் பயன்படுத்தவில்லை, செட்-குக்கி ஹெட்டர் வரியைக் கையாலேயே கட்டியிருக்கிறார். குக்கியை அழிக்க, காலாவதி நேரத்தை ஒரு மணி நேரம் முன்னாலான நேரமாக எழுதியிருக்கிறார். முறை சரிதான். குக்கிக்கு அழிப்பு என்று தனிக் கட்டளை கிடையாது, கடந்துபோன நேரத்தைக் கொடுத்துத்தான் அழிக்க வேண்டும்.

ஆனால் நேரத்தை டேட் பங்ஷனில் எடுத்து, கடைசியில் ஜிஎம்டி என்று ஒட்டியிருக்கிறார். சர்வரில் நேர மண்டலம் யாங்கோன் என்று வைத்திருக்கிறார். நம் நேரம் ஜிஎம்டியைவிட ஆறரை மணி நேரம் முந்தியது. மதியம் 3 மணிக்கு லாக் அவுட் செய்தால் ஹெட்டரில் "2 மணி ஜிஎம்டி" என்று போகிறது. உண்மையான ஜிஎம்டி அப்போது காலை எட்டரை. ஆக அந்தக் குக்கிக்கு இன்னும் ஐந்தரை மணி நேரம் ஆயுசு இருக்கிறது. லாக் அவுட் ஆனதாகத் திரையில் எழுதிவிட்டு, குக்கியைச் சாயங்காலம் முழுக்க உயிரோடு விட்டிருக்கிறது ஸ்கிரிப்ட். கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஜிஎம்டேட் என்று தனி பங்ஷன் இருக்கிறது, அதைப் போட்டால் தீர்ந்தது. அதைவிட நல்லது, செட்குக்கியிடமே விட்டுவிடுவது. அதற்கு டைம் பங்ஷன் தருகிற எண்ணைக் கொடுத்தால் போதும். 1970 முதல் எண்ணுகிற வினாடிக் கணக்குக்கு நேர மண்டலம் கிடையாது. பிஎச்பி 5.5 முதல் எக்ஸ்பயர்ஸோடு மேக்ஸ்-ஏஜ் என்பதையும் சேர்த்து அனுப்புகிறது. மேக்ஸ்-ஏஜ் "இன்னும் இத்தனை வினாடி" என்று சொல்வது. இரண்டும் இருந்தால் பிரவுசர் மேக்ஸ்-ஏஜைத்தான் மதிக்கும். போனில் தேதியைத் தப்பாக வைத்திருப்பவர்களுக்கும் இதனால் தொல்லை வராது.

அழிக்கும்போது, வைத்தபோது கொடுத்த அதே பாத், அதே டொமைன் கொடுக்க வேண்டும். மாறினால் பிரவுசர் அதை வேறு குக்கியாக எடுத்துக்கொள்ளும்.

14 மார்ச், சேர்க்கை

குக்கியை அழிப்பது லாக் அவுட்டில் பாதிதான். ஏற்கெனவே யாராவது அந்த எண்ணை நகல் எடுத்திருந்தால், அது சர்வரில் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். செஷன்_டெஸ்ட்ராய் சர்வர் பக்கத்தைக் காலி செய்யும், குக்கியைத் தொடாது. இரண்டையும் செய்யுங்கள்.

21 மார்ச்

தம்பிக்கு இப்போது வேறு பிரச்சினை. படிவத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தால் லாகின் போய்விடுகிறதாம். செஷன் நேரத்தை 8 மணி நேரமாக வைத்தும் பலனில்லையாம்.

இதே கஷ்டத்தை முன்பு ஒரு மலிவு ஹோஸ்டிங்கில் நானும் பட்டிருக்கிறேன். உதவிக்கு எழுதினால் "உங்கள் புரோகிராமைப் பாருங்கள்" என்று மட்டும் பதில் வரும். புரோகிராமில் தப்பு ஒன்றும் இல்லை. பிஎச்பி செஷன் பைல்களுக்கு இயல்பாக வைத்திருக்கிற ஆயுள் 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். அதைவிடப் பழைய பைல்களை, எப்போதாவது ஒரு கோரிக்கை வரும்போது, கூட்டிப் பெருக்கி அழித்துவிடும். ஒரே சர்வரில் இருக்கிற எல்லாத் தளங்களும் செஷன் பைல்களை ஒரே டெம்ப் போல்டரில் போட்டால், பக்கத்துத் தளத்தின் ஸ்கிரிப்ட் பெருக்கும்போது தன் 24 நிமிடக் கணக்கில்தான் பெருக்கும். உங்கள் 8 மணி நேரம் அதற்குத் தெரியாது. எல்லோரிலும் குறைவாக வைத்தவரின் நேரமே எல்லோருக்கும் நேரம். குக்கி போனில் பத்திரமாக இருக்கும், அதற்கு உரிய பைல் சர்வரில் இருக்காது.

உங்கள் கணக்குக்குள்ளேயே, வெப் போல்டருக்கு வெளியே ஒரு போல்டர் உருவாக்கி, செஷன் சேவ் பாத்தை அங்கே திருப்புங்கள். டெபியன் என்ற லினக்ஸ் ஓடுகிற சர்வராக இருந்தால் இன்னொன்றும் செய்ய வேண்டும். அங்கே பெருக்கும் வேலையை பிஎச்பி செய்வதில்லை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுகிற கிரான் செய்கிறது, அதுவும் வழக்கமான போல்டரில் மட்டும். உங்கள் புது போல்டரில் பைல்கள் குவிந்துகொண்டே போகும். பிஎச்பி பெருக்குவதற்கான வாய்ப்பைச் சொல்கிற ஜிசி புராபபிலிட்டியை 0இலிருந்து 1 ஆக்கிவிடுங்கள்.

24 மார்ச்

"பிரவுசரை மூடினால் செஷன் குக்கி அழிந்துவிடும்" என்று பழைய பாடங்களில் எழுதியிருக்கும். காலாவதி நேரம் கொடுக்காத குக்கிக்கு அதுதான் விதி. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை பார்த்து முடித்ததும் மூடுகிற காலத்து விதி அது. போனில் யார் பிரவுசரை மூடுகிறார்கள்? கம்ப்யூட்டரிலும்கூட, விட்ட இடத்திலிருந்து தொடர் என்று வைத்திருந்தால் குரோம் செஷன் குக்கிகளையும் திரும்பக் கொண்டுவந்துவிடும். ஆகவே குக்கி தானாகப் போய்விடும் என்று நம்பி இருக்க முடியாது. கடைசியாக எப்போது வந்தார் என்பதை செஷனுக்குள் எழுதிவைத்து, நீங்களே சர்வரில் கணக்குப் பார்த்து வெளியேற்ற வேண்டும்.

26 மார்ச்

அடுத்த தடவை பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடுகிற "என்னை நினைவில் வை" டிக் வேண்டுமா வேண்டாமா என்று வாசகர்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. நான் முதலில் வேண்டாம் என்ற கட்சி. எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் ஒரே போனை அம்மா, பாட்டி, பிள்ளைகள் எல்லோரும் எடுப்பார்கள். ரிப்பேர் கடையில் கொடுத்தால் அங்கே இரண்டு நாள் கிடக்கும். அந்த போனில் 30 நாள் குக்கி வைப்பது சரியா?

ஆனால் டிக் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு போடச் சலித்துப்போய், போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்தார்கள். சிலர் வைபர் குரூப்பிலேயே எழுதிப் போட்டுக்கொண்டார்கள். அதைவிடக் குக்கி எவ்வளவோ மேல். இப்போது டிக் இருக்கிறது, இயல்பாகப் போடப்படாமல் இருக்கிறது, வேண்டுகிறவர் தொட்டுப் போட்டுக்கொள்ளட்டும்.

செய்கிற முறை: ராண்டம்_பைட்ஸ் பங்ஷனில் 32 பைட் எடுத்து அதைக் குக்கியில் வையுங்கள். டேட்டாபேஸில் அதை அப்படியே எழுதாதீர்கள், அதிலிருந்து மூலத்தைத் திரும்ப எடுக்க முடியாத எஸ்எச்ஏ-256 ஹாஷை மட்டும் எழுதுங்கள். டேட்டாபேஸ் யார் கைக்குப் போனாலும் அதை வைத்து லாகின் செய்ய முடியாது. பயனர் எண்ணையோ பாஸ்வேர்டின் ஹாஷையோ குக்கியில் வைக்கிற வழக்கம் இன்னும் சில பழைய பாடங்களில் இருக்கிறது, தொடாதீர்கள்.

குக்கியில் வைத்த இந்த டோக்கனை ஒவ்வொரு தடவை பயன்படும்போதும் புதிதாக மாற்றிவிடச் சொல்வார்கள். நல்லதுதான். நம் நெட்வொர்க்கில் ஒரு சிக்கல் வரும். சர்வர் பழையதை அழித்துப் புதியதை அனுப்பும், பதில் போனுக்குப் போய்ச் சேருவதற்குள் லைன் அறுந்துவிடும். போனில் இருப்பது பழையது, சர்வர் அறிந்தது புதியது. அவர் காரணம் தெரியாமல் வெளியே நிற்பார். பழைய டோக்கனையும் ஒரு நிமிடம்வரை ஏற்றுக்கொள்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். அதற்கப்புறம் புகார் வரவில்லை.

27 மார்ச்

"லாகின் செய்தேன், மறுபடி கேட்கிறது" என்ற புகாரில் பாதி பேஸ்புக் ஆப்பிலிருந்து வருவது. மெசஞ்சரில் வந்த லிங்கைத் தொட்டால் ஆப்புக்குள்ளேயே பக்கம் திறக்கும். அங்கே வைத்த குக்கி அங்கேதான் இருக்கும், குரோமுக்கு அது தெரியாது. இதற்கு ஸ்கிரிப்டில் மருந்து இல்லை. "குரோமில் திறக்கவும்" என்று லிங்குக்குக் கீழே ஒரு வரி எழுதி அனுப்புகிறோம், ஓரளவு குறைந்திருக்கிறது.

2 ஏப்ரல்

பாதுகாப்புக் கொடிகளைப் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

செக்யூர்: நடுவில் யாரும் படிக்க முடியாத எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் போகும். இலவச விபிஎன், டீக்கடை வைஃபை என்று யார் யார் நடுவில் நிற்கிறார்கள் என்றே தெரியாத இடத்தில் இது இல்லாமல் லாகின் குக்கி வைக்காதீர்கள்.

எச்டிடிபி-ஒன்லி: ஜாவாஸ்கிரிப்டின் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கும். 2002இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6இல் வந்தது. பக்கத்தில் யாராவது விஷ ஸ்கிரிப்டைப் புகுத்தினாலும் குக்கியைப் படிக்க முடியாது. லாகின் குக்கிக்கு எப்போதும் போடுங்கள். மொழி விருப்பக் குக்கியை ஜாவாஸ்கிரிப்ட் படிக்க வேண்டியிருந்தால் அதற்கு மட்டும் வேண்டாம்.

சேம்சைட்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. வேறொரு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு உங்கள் குக்கி போகலாமா கூடாதா என்பதைச் சொல்வது. லாக்ஸ் என்றால் லிங்கைத் தொட்டு வரும்போது போகும், பிற தளத்திலுள்ள படிவம் உங்கள் தளத்துக்கு போஸ்ட் செய்தால் போகாது. உங்கள் அன்னதானத் தொகையை வேறு யாரோ மாற்றிவிடாமல் இருக்க இது பெரிய காவல். ஸ்ட்ரிக்ட் என்றால் லிங்கிலிருந்து வந்தாலும் போகாது. வெப்மெயிலில் இருக்கிற லிங்கைத் தொட்டு வந்தவர், லாகின் செய்திருந்தும், செய்யாதவர் போலத் தெரிவார். பயந்துபோவார்கள். லாக்ஸ் போதும். குறிப்பிடாவிட்டால் குரோம் 2020இல் 80ஆம் பதிப்பிலிருந்து தானாகவே லாக்ஸ் என்று வைத்துக்கொள்கிறது. இருந்தாலும் எழுதிவிடுங்கள், எல்லா பிரவுசரும் அப்படிச் செய்வதில்லை. பிஎச்பி 7.3 முதல் செட்குக்கியின் மூன்றாவது இடத்தில் அர்ரே ஒன்றைக் கொடுத்து எல்லாவற்றையும் பெயர் சொல்லியே எழுதலாம். வரிசை மாறிப்போகிற தொல்லை இல்லை.

லாகின் ஆன அடுத்த வரியிலேயே, செஷன் எண்ணைப் புதிதாக மாற்றுகிற செஷன்_ரீஜெனரேட்_ஐடி போடுங்கள். முன்கூட்டியே ஒரு எண்ணை உங்கள் போனில் திணித்து வைத்தவர், நீங்கள் லாகின் செய்த பிறகு அதே எண்ணோடு உள்ளே வரக் கூடாது என்பதற்காக.

4 ஏப்ரல்

"ஆபத்து" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு: அது பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் குக்கி. நீங்கள் ஒரு செய்தித்தளம் பார்க்கிறீர்கள், அதில் விளம்பரக் கம்பெனியின் படம் ஒன்று இருக்கிறது, அந்தப் படத்தோடு அந்தக் கம்பெனியின் குக்கி வருகிறது. அதே கம்பெனி இன்னொரு தளத்திலும் இருந்தால் இரண்டு இடத்திலும் வந்தது நீங்கள்தான் என்று கோத்துக்கொள்ளும். சஃபாரி 2020இலேயே இதை முழுதாகத் தடுத்துவிட்டது. குரோம் 2024 ஜனவரியில் 100க்கு ஒருவருக்கு நிறுத்திப் பார்த்தது. கோயில் தளம் தன் பக்தருக்குத் தானே வைக்கிற லாகின் குக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதே பக்கத்தில் நீங்களே விளம்பரப் பட்டையோ லைக் பட்டனோ ஒட்டினால், உங்கள் கோயிலுக்கு வந்தவரை நீங்களே வெளியாளுக்குக் காட்டிக்கொடுக்கிறீர்கள். நான் எங்கள் தளத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. குழந்தைகளின் பெயர் இருக்கிற இடம்.

22 ஏப்ரல்

பர்மியப் புத்தாண்டான திஞ்சான் விடுமுறை முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். தம்பியின் தளம் ஓடுகிறது, புத்தாண்டுப் பூஜைக்கே பதிவுகள் வந்திருக்கின்றன. சந்தோஷம்.

குக்கியை 10 வருஷத்துக்கு வைத்தால் என்ன என்று கேட்கிறார். வைக்க முடியாது. குரோம் 2022 முதல் எதையும் 400 நாளுக்குக் குறைத்துவிடும். மொழி விருப்பத்துக்கு ஒரு வருஷம் வையுங்கள், லாகினுக்கு 30 நாளைத் தாண்டாதீர்கள்.

பொருளாளர் பார்க்கிற வசூல் பக்கத்தை மட்டும் இன்னும் மாற்றவில்லை என்று தெரிகிறது. "நினைவில் வை" குக்கியோடு வந்தவரை அது நேராக உள்ளே விடுகிறது. அந்தப் பக்கத்துக்குக் குக்கி மட்டும் போதாது. செஷனுக்குள் கடைசியாகப் பாஸ்வேர்டு போட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள். 10 நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தால், குக்கி சரியாகவே இருந்தாலும், பாஸ்வேர்டை மறுபடி கேளுங்கள். மாற்றியதும் பைலை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.